சொல்லலும் அறிதலும்: ஷாரன் கிரீச்சின் ‘வாக் டூ மூன்ஸ்’ புதினத்தில் குடும்பப் பயணமும் பதின்பருவத் தன்னறிதலும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் ஷாரன் கிரீச் 1994இல் வெளியிட்ட ‘வாக் டூ மூன்ஸ்’ என்னும் புதினம், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாத்தா பாட்டியுடன் மேற்கொள்ளும் நெடுஞ்சாலைப் பயணத்தைக் கதைக்களனாகக் கொண்டது. பயணமே அவளை முதிர்ச்சியடையச் செய்கிறது என்னும் பொதுவான வாசிப்பை இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. பயணத்தினும் மேலாக, பயணத்தின்போது நிகழும் கதைசொல்லலும், அதைக் கேட்போர் இருவரின் இருப்புமே தன்னறிதலைச் சாத்தியமாக்குகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியச் செய்யுளியல் குறிப்பிடும் கூற்று, கேட்போர், களன், எச்சம் ஆகிய உறுப்புகள் இதற்கு ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. பிறரை அறிதலே தன்னை அறிதல் என்று கூறும் இப்புதினம், தான் எடுத்தாளும் பூர்வகுடி அடையாளத்தை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறது என்னும் வினாவும் இறுதிப் பகுதியில் எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பதின்பருவ இலக்கியம், சாலைப் பயணம், தன்னறிதல், கூற்று, கேட்போர், எச்சம், பூர்வகுடி அடையாளம்.

முன்னுரை

அமெரிக்க இலக்கியத்தில் பயணம் பெரும்பாலும் குடும்பத்தைத் துறந்து செல்வதாகவே அமைந்துள்ளது. மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் ஆற்றின்வழித் தப்பிச் செல்கிறான். 1957இல் வெளிவந்த ஜாக் கெரவாக்கின் ‘ஆன் தி ரோடு’ புதினத்தின் இளைஞர்களும் வீட்டை விட்டு விலகியே சாலையை அடைகின்றனர். இவ்வகைக் கதைகளில் விடுதலை என்பது வெளியேறுதலோடு இணைந்தது. பயணம் செய்வோர் பெரும்பாலும் ஆண்கள்.

குடும்பமே ஒரு வண்டிக்குள் அடைபட்டுச் செல்லும் கோடைப் பயணம் இதற்கு நேர் எதிரான அமைப்பைக் கொண்டது. பதின்பருவத்தினர் விலகிச் செல்ல விரும்பும் அதே மனிதர்களோடு, விலகவே இயலாத சிறு இடத்தில், பல நாட்கள் அமர்ந்திருக்க நேர்கிறது. இத்தகைய சூழலில் தன்னறிதல் எவ்வாறு நிகழக்கூடும் என்பதை ஆராய்வதற்கு ‘வாக் டூ மூன்ஸ்’ பொருத்தமான புதினமாகும். இது 1995ஆம் ஆண்டுக்கான நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. கிரீச் தம் பன்னிரண்டாம் வயதில் குடும்பத்தாருடன் ஒகையோவிலிருந்து ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன் நகருக்கு மகிழுந்தில் சென்ற பயணமே இக்கதையின் வித்து என்பதை அவரே பதிவு செய்துள்ளார்.

கதைப்பின்னல்

கதைசொல்லியான சலமாங்கா ட்ரீ ஹிடில், சுருக்கமாகச் சால், கென்டக்கியிலுள்ள பைபாங்க்ஸ் என்னும் சிற்றூரில் பண்ணை வாழ்க்கையில் வளர்ந்தவள். தாய் சான்ஹாசன் வீட்டைவிட்டுச் சென்றபின், தந்தை அவளை ஒகையோவின் யூக்ளிட் நகருக்கு அழைத்து வருகிறார். அங்கு மார்கரெட் கடாவர் என்னும் பெண்ணோடு தந்தை கொண்டுள்ள நட்பைச் சால் வெறுக்கிறாள். இந்நிலையில் தந்தைவழித் தாத்தாவும் பாட்டியும் அவளை லூயிஸ்டனுக்கு அழைத்துச் செல்கின்றனர். தாயின் பிறந்த நாளுக்குள் அங்குச் சேர்ந்துவிட வேண்டும் என்பது சாலின் தவிப்பு.

வழியில் பொழுதுபோக்காக ஒரு கதை சொல்லுமாறு பாட்டி கேட்கிறாள். சால் தன் தோழி ஃபீபி வின்டர்பாட்டத்தின் கதையைத் தொடங்குகிறாள். ஃபீபியின் தாயும் திடீரென வீட்டைவிட்டுச் செல்கிறாள். அவளை யாரோ கடத்திவிட்டனர் என்று ஃபீபி நம்புகிறாள். வாசற்படியில் கிடக்கும் மர்மச் சீட்டுகள், வந்துபோகும் அறிமுகமற்ற இளைஞன் எனச் சான்றுகளைத் திரட்டுகிறாள். இறுதியில் அவ்விளைஞன், ஃபீபியின் தாய் திருமணத்திற்கு முன் பெற்றுத் தத்துக் கொடுத்த மகன் என்பது தெரியவருகிறது.

புதினத்தின் 44 இயல்களிலும் இவ்விரு கதைகளும் மாறி மாறி வருகின்றன. இவற்றுக்கு அடியில் மூன்றாவதாகச் சாலின் சொந்தக் கதை, அவள் விரும்பாமலேயே மேலெழுகிறது. தாய் ஏறிச் சென்ற பேருந்து லூயிஸ்டனை நெருங்கும் மலைச்சாலையில் கவிழ்ந்து, அவள் இறந்துவிட்டாள் என்னும் உண்மை இறுதியில் வெளிப்படுகிறது. அவ்விபத்தில் உயிர்பிழைத்த ஒரே பயணி மார்கரெட் கடாவர். பயணம் முழுவதும் சாலின் தாயருகே அமர்ந்து வந்தவள் அவளே.

களன்: நெடுஞ்சாலையும் வண்டியின் உட்புறமும்

அமெரிக்காவில் குடும்பமாக மகிழுந்தில் கோடை விடுமுறையைக் கழிக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடுத்தர வகுப்பின் பொது அனுபவமாயிற்று. 41,000 மைல் நீளமுள்ள மாநிலங்களிடை நெடுஞ்சாலை வலைப்பின்னலுக்கு வழிவகுத்த 1956ஆம் ஆண்டுக் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் இப்பயணங்களை மேலும் எளிதாக்கியது. தேசியப் பூங்காக்கள், நினைவுச் சின்னங்கள், வழியோரத் தங்கும் விடுதிகள் ஆகியவை ஒரு நிலையான சுற்றுலாத் தடத்தை உருவாக்கின. சாலின் பயணமும் அத்தடத்திலேயே செல்கிறது. விஸ்கான்சின் டெல்ஸ், மினசோட்டாவின் பைப்ஸ்டோன், தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ், ரஷ்மோர் மலை, யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்று எனச் சராசரிச் சுற்றுலாப் பயணி காணும் இடங்களே இதில் இடம்பெறுகின்றன.

ஆயினும் அவ்விடங்களின் பொருள் இங்கு மாறுகிறது. தாய் தன் பேருந்துப் பயணத்தின்போது அவ்விடங்களிலிருந்து மகளுக்கு அஞ்சலட்டைகள் அனுப்பியிருக்கிறாள். ஆகவே சால் எந்த இடத்தையும் முதன்முதலாகக் காண்பதில்லை. தாய் கண்ட இடத்தை மீண்டும் காண்கிறாள். சுற்றுலாத் தடம் சுவடு தேடும் தடமாகிறது. வேகமாகச் செல்லவேண்டும் என்னும் துடிப்பும், போய்ச் சேரக்கூடாது என்னும் அச்சமும் அவளுக்குள் ஒருங்கே நிலவுவதற்கு இதுவே காரணம்.

சாலை என்னும் கால-இட வெளியைப் பற்றி எழுதிய மிகயில் பக்தின், வெவ்வேறு நிலையினர் தற்செயலாகச் சந்திக்கும் இடமாக அதைக் கண்டார். பயணப் புதினங்களில் வழியில் எதிர்ப்படும் அயலார் தலைவனின் அறிவை விரிவாக்குவது வழக்கம். இப்புதினத்திலும் சந்திப்புகள் உள்ளன. மிசோரி ஆற்றங்கரையில் பாட்டியைப் பாம்பு கடித்தபோது உதவும் சிறுவன் அவ்வாறு எதிர்ப்படுபவனே. எனினும் இவை எண்ணிக்கையிலும் அழுத்தத்திலும் குறைவு. கதையின் முதன்மை நிகழ்வு வண்டிக்கு வெளியே நிகழவில்லை. உள்ளே, ஒரு சிறுமி பேசுவதிலும் இரு முதியோர் கேட்பதிலும் நிகழ்கிறது. சாலை என்னும் பரந்த களனுக்குள் வண்டியின் உட்புறம் என்னும் குறுங்களனை அமைத்ததே இப்புதினத்தின் கட்டமைப்புச் சிறப்பு எனலாம்.

கூற்றும் கேட்போரும்

செய்யுளின் உறுப்புகளைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியம், கூற்றை ஓர் உறுப்பாகக் கொள்வதோடு நில்லாமல், கேட்போரையும் தனி உறுப்பாகக் கொள்கிறது. யார் சொல்கிறார் என்பதைப் போலவே யாரிடம் சொல்லப்படுகிறது என்பதும் பொருளைத் தீர்மானிக்கிறது என்னும் இந்நோக்கு, அகப்பாடல்களுக்காக உருவானது. அதை அயல்மொழிப் புதினம் ஒன்றுக்கு முழுமையாகப் பொருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேட்போரைத் தனித்து ஆராயும் ஒரு கருவியாக மட்டுமே அது இங்குக் கொள்ளப்படுகிறது. தன்மைக்கூற்றில் அமைந்த பதின்பருவப் புதினங்கள் பலவற்றில் கேட்போர் யார் என்பது தெளிவற்றதாகவே இருக்கும். இங்கோ அவர்கள் வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கின்றனர்.

இவ்விரு கேட்போருக்கும் மூன்று பண்புகள் உள்ளன. முதலாவது, அவர்கள் தம் மருமகளின் மரணத்தை அறிந்தவர்கள். சால் ஒப்புக்கொள்ளாத உண்மையை அவர்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள். இரண்டாவது, அறிந்ததை அவர்கள் அவள்மீது திணிப்பதில்லை. அவளது கதையில் மெய்யான ஆர்வம் காட்டுகின்றனர். பாட்டி ஃபீபியின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல் ‘பீபி’ என்றே அழைக்கிறாள். அவளைத் தன் பழைய தோழி ஒருத்தியோடு ஒப்பிட்டுப் பேசுகிறாள். கதை நிற்கும்போதெல்லாம் அடுத்து என்ன நடந்தது என்று தாத்தா கேட்கிறார். மூன்றாவது, அவர்களும் இழந்தவர்கள்; எனவே அவர்களுடைய கேட்டல் ஆறுதல் கூறுவோரின் உயர்நிலையிலிருந்து வருவதன்று.

சாலின் தந்தை இதற்கு மாறானவர். அவர் உண்மையை நேரடியாக விளக்க முற்படுகிறார். மார்கரெட்டைப் பற்றிப் பலமுறை பேசத் தொடங்குகிறார். சால் கேட்க மறுக்கிறாள். விளக்கம் தோற்ற இடத்தில் கேட்டல் வெல்கிறது. அறிவுறுத்தலின்வழி இளையோர் திருந்துவதாகக் காட்டும் கதைகளிலிருந்து இப்புதினம் விலகும் இடம் இதுவே. பெரியோர் இங்கு அறிவுரை வழங்குவதில்லை, வாய்ப்பு வழங்குகின்றனர்.

எச்சம்: மறைத்தலும் அறிய மறுத்தலும்

இப்புதினம் எதிர்கொள்ளக்கூடிய முதன்மைத் திறனாய்வுக் குறை ஒன்றுண்டு. தாயின் மரணத்தைக் கதைசொல்லி தொடக்கத்திலிருந்தே அறிவாள். மார்கரெட் யார் என்பதையும் பயணத்திற்கு முன்பே அவள் கேட்டறிந்திருக்கிறாள். அவ்வாறாயின், இறுதிவரை வாசகரிடம் அதை மறைப்பது நேர்மையற்ற உத்தியாகாதா? தாயின் பிறந்த நாளுக்குள் சேரவேண்டும் என்னும் தவிப்பு, அவள் உயிரோடிருக்கிறாள் என்னும் பொய்த் தோற்றத்தை வாசகரிடம் உருவாக்குகிறது என்பதை மறுக்க இயலாது.

இக்குறை ஓரளவே பொருந்தும். இரண்டாம் இயலிலேயே பயணத்தின் உண்மையான காரணங்களைச் சால் வரிசைப்படுத்துகிறாள். அங்குத் தாய் லூயிஸ்டனில் அமைதியாக ஓய்வெடுப்பதாகவும், அவளைக் காண விரும்பினாலும் தான் அஞ்சுவதாகவும் குறிப்பிடுகிறாள். கல்லறைகளில் பொறிக்கப்படும் மங்கல வழக்குச் சொற்களே அவை. உண்மை வாசகர் கண்முன் வைக்கப்பட்டுள்ளது. வாசகர் அதை வேறு பொருளில் எடுத்துக்கொள்கின்றனர். தானும் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளவே சால் விரும்புகிறாள்.

தொல்காப்பியம் கூறும் எச்சம் என்னும் உறுப்பு, சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறவேண்டிய எஞ்சுபொருளைச் சுட்டுவது. சாலின் கூற்று முழுவதும் இத்தகைய எச்சத்தால் ஆனது. தாய் ‘போய்விட்டாள்’, ‘திரும்பி வரவில்லை’ என்னும் தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ‘இறந்தாள்’ என்னும் ஒரு வினைமுற்று மட்டும் வருவதில்லை. அவ்வினைமுற்றைத் தேடிச் செல்வதே இப்பயணம். இவ்வாறு நோக்கினால், வாசகரிடம் செய்தி மறைக்கப்படுகிறது என்பதைவிட, அறிந்தும் ஏற்காத ஒரு மனநிலைக்குள் வாசகர் அமர்த்தப்படுகின்றனர் என்பதே பொருந்தும். இறுதியில் வாசகர் உணரும் அதிர்ச்சி, முன்பே தெரிந்திருக்கவேண்டிய ஒன்றைக் காணத் தவறியவரின் அதிர்ச்சியாகும். அது சாலின் நிலையோடு ஒத்திருப்பது தற்செயலன்று.

இதனால் தன்னறிதல் என்னும் சொல்லின் பொருளும் மாறுகிறது. புதியதொன்றைக் கண்டடைதல் என்னும் பொருளில் சால் எதையும் கண்டடையவில்லை. ஏற்கெனவே அறிந்ததைத் தன் வாயால் சொல்லக்கூடிய நிலையை அவள் அடைகிறாள். இளையோர் புதினங்களை அதிகார உறவுகளின் அடிப்படையில் ஆராய்ந்த ராபர்ட்டா சீலிங்கர் ட்ரைட்ஸ், 2000இல் வெளியான தம் நூலில், மரணத்தை எதிர்கொள்வது இவ்வகை இலக்கியத்தில் முதிர்ச்சியின் மையக்கூறாக அமைவதைச் சுட்டியுள்ளார். அக்கருத்தை இப்புதினம் உறுதிப்படுத்துகிறது. கூடவே, மரணத்தை அறிவதற்கும் ஏற்பதற்கும் இடையே நீண்டதொரு சாலை உள்ளது என்பதையும் காட்டுகிறது.

பிறர் கதைவழித் தன் கதை

பைபாங்க்ஸ் வீட்டில் தந்தை சுண்ணச் சுவரைக் கொத்தியபோது அதன் பின்னே செங்கல்லாலான பழைய கணப்படுப்பு வெளிப்பட்டதைச் சால் நினைவுகூர்கிறாள். ஃபீபியின் கதையும் அச்சுவரைப் போன்றது, அதன் பின்னே இன்னொரு கதை உள்ளது என்பது அவளது உணர்வு. இவ்வுவமை புதினத்தின் அமைப்பையே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது என்பதால் சற்று மிகையாகத் தோன்றலாம். எனினும் சுவரைக் கொத்துபவர் மனைவியை இழந்த துயரில் இருக்கும் தந்தை என்பது நோக்கத்தக்கது. பேச இயலாதவர் கைகளால் செய்ததை, மகள் சொற்களால் செய்கிறாள்.

ஃபீபியின் நடத்தையைக் காணும்போது சாலுக்கு எரிச்சல் ஏற்படுகிறது. தாய் தானாக விரும்பிச் சென்றிருக்கமாட்டாள் என்னும் ஃபீபியின் பிடிவாதம் அறிவுக்கு ஒவ்வாதது என்பது அவளுக்கு எளிதில் விளங்குகிறது. பின்னர், தானும் அதையே செய்தவள் என்பது மெல்லப் புலப்படுகிறது. தன்னுடையதாக இருக்கும்போது காண இயலாத ஒன்றை, பிறருடையதாக இருக்கும்போது காண முடிகிறது. கதை சொல்வது அந்தத் தொலைவை உண்டாக்குகிறது.

இத்தொலைவினால் விளையும் முதன்மையான அறிதல் குற்றவுணர்வு தொடர்பானது. மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த சாலை நிறைமாதக் கர்ப்பிணியான தாய் தூக்கி வருகிறாள். அன்றிரவே குழந்தை இறந்து பிறக்கிறது. தாய்க்கு இனிக் குழந்தைப்பேறு இல்லை என்னும் நிலை ஏற்படுகிறது. தாய் வீட்டைவிட்டுச் சென்றதற்குத் தானே காரணம் என்னும் எண்ணத்தைச் சால் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறாள். ஃபீபியின் தாய் சென்றதற்கு ஃபீபி காரணமில்லை என்பதை உணரும்போதுதான், தன் தாய் சென்றதும் தாயின் சொந்த வாழ்வு சார்ந்தது, தன்னிலிருந்து வேறானது என்பதை அவளால் எண்ண முடிகிறது. தாயரைப் பிள்ளைகள் உடைமையாகக் கொள்ள இயலாது என்னும் முடிவுக்கு அவள் வருகிறாள்.

பதின்பருவத் தன்னறிதல் பற்றிய வழக்கமான கருத்து, பிள்ளை பெற்றோரிடமிருந்து பிரிந்து தனித்தன்மை பெறுவதை வலியுறுத்தும். இங்கு நிகழ்வது அதன் மறுபக்கம். பெற்றோர் தனித்தன்மை உடையவர் என்பதைப் பிள்ளை அறிவதே இங்கு முதிர்ச்சி. தாயைத் தாயாக மட்டும் காணாமல் ஒரு பெண்ணாகக் காணக் கற்றுக்கொள்வதன் வாயிலாகவே சால், மகள் என்னும் ஒற்றை அடையாளத்திலிருந்து விடுபடுகிறாள்.

வண்டியைச் செலுத்துதல்

கோர்டலேன் நகரை அடையும்போது பாட்டி பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். மனைவியை விட்டு நகர இயலாத தாத்தா, வண்டியின் சாவியைச் சாலிடம் தருகிறார். பண்ணையில் அவரிடம் வண்டியோட்டக் கற்றிருந்த அவள், இரவில் ஏறத்தாழ நூறு மைல் தனியே ஓட்டிச் சென்று லூயிஸ்டன் மலைச்சரிவை அடைகிறாள்.

பதின்மூன்று வயதுச் சிறுமி உரிமமின்றி வண்டி ஓட்டுவதன் நம்பகத்தன்மை கேள்விக்குரியதே. எனினும் கதையமைப்பில் இந்நிகழ்வுக்குத் தெளிவான இடமுண்டு. பின்னிருக்கையில் அமர்ந்து கதை சொன்னவள், கேட்போர் இல்லாத நிலையில் முதன்முறையாக முன்னிருக்கைக்கு வருகிறாள். இனிச் சொல்வதற்கு எவருமில்லை. காண்பது மட்டுமே எஞ்சியுள்ளது. சரிவில் கிடக்கும் பேருந்தின் சிதைவையும், பின்னர்க் காவல் அதிகாரியின் துணையோடு தாயின் கல்லறையையும் காண்கிறாள். அருகிலுள்ள மரத்திலிருந்து பறவையின் பாடல் கேட்கிறது. மரங்களை நேசித்த தாயை அவள் அங்கு உணர்கிறாள்.

அவள் திரும்புவதற்குள் பாட்டி இறந்துவிடுகிறாள். ஒரு மரணத்தை ஏற்கச் சென்ற பயணம் இன்னொரு மரணத்தைத் தருகிறது. இம்முறை அவள் அதற்கு வேறு பெயர் இடவில்லை. முதல் மரணத்தை ஏற்கும் ஆற்றலுக்கு இரண்டாம் மரணமே சான்றாகிறது. அறுதியில் தாத்தா, தந்தை, சால் ஆகிய மூவரும் பைபாங்க்ஸில் மீண்டும் வாழத் தொடங்குகின்றனர். துயருறும் தாத்தாவுக்கு இப்போது சால் கேட்பவளாகிறாள்.

பெயரும் பழமொழியும்: புதினத்தின் எல்லை

ஒருவரின் காலணிகளில் இரு நிலவுக் காலம் நடந்து பாராமல் அவரை மதிப்பிடலாகாது என்பது புதினத் தலைப்புக்கு அடிப்படையான பழமொழி. இது அமெரிக்கப் பூர்வகுடியினரின் முதுமொழியாகப் பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால், பேறுகுறிச் சீட்டு வைத்த பிஸ்கட் ஒன்றிலிருந்தே இத்தொடரைத் தாம் பெற்றதாகக் கிரீச் கூறியுள்ளார். இக்கருத்தின் பரவலை 1895இல் மேரி லாத்ராப் எழுதிய ஆங்கிலக் கவிதையோடு தொடர்புபடுத்துவோரும் உள்ளனர். பிறரைக் கூர்ந்து அறியவேண்டும் என்று கூறும் தொடரின் தோற்றமே தெளிவற்றது என்பது ஒரு முரண்.

பெயர்களிலும் இம்முரண் தொடர்கிறது. சலமாங்கா என்பது தம் மூதாட்டியின் இனக்குழுப் பெயர் என்று கருதியே பெற்றோர் அதை மகளுக்கு இட்டனர். உண்மையான பெயர் செனகா என்பதைப் பின்னரே அறிந்தனர். தன்னறிதல் கதையின் தலைவிக்குப் பிழையான பெயரை இட்டதும், அப்பிழையை அவளே இயல்பாக ஒப்புக்கொள்வதும் நயமானவை. எனினும் அப்பிழைக்கு ஒரு வரலாறு உண்டு. நியூயார்க் மாநிலத்திலுள்ள சலமாங்கா நகரம் செனகா மக்களின் நிலத்தில் அமைந்தது. இருப்புப்பாதையில் முதலீடு செய்த ஸ்பானியச் செல்வர் ஒருவரின் பட்டப்பெயர் அதற்கு இடப்பட்டது. அந்நிலத்தின் 99 ஆண்டுக் குத்தகைகள் 1991இல் முடிவடைந்ததையொட்டி 1990இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சாலின் பெயர் செனகாவின் சிதைவு மட்டுமன்று. செனகா நிலத்தின்மேல் எழுதப்பட்ட அயலாரின் பெயரும் ஆகும். புதினம் இதைத் தொடவில்லை.

தாயின் பெயரான சான்ஹாசன், இனிய சாறு தரும் மரத்தைக் குறிப்பதாகப் புதினம் விளக்குகிறது. அது டகோட்டா மொழிச் சொல். மினசோட்டாவில் அப்பெயரில் ஒரு நகரம் உள்ளது. செனகா மொழி இரோக்குவாய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. டகோட்டா மொழி சூ மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. செனகா மரபினள் எனப்படும் பெண்ணுக்கு டகோட்டாப் பெயர் இருப்பதைப் புதினம் பிழையாகக்கூட உணரவில்லை. முதற்பிழை கதைமாந்தர் செய்தது. இரண்டாவது, புதினம் தன்னையறியாமல் செய்தது. வேறுபட்ட மக்களும் மொழிகளும் ‘இந்தியர்’ என்னும் ஒரே சொல்லுக்குள் கரைந்துபோவதன் விளைவு இது.

புதினம் இச்சிக்கலை முற்றிலும் அறியாதது என்று கூறவும் இயலாது. பைப்ஸ்டோனில் குழல் செதுக்கும் ஒருவரிடம், அவர் பூர்வகுடி அமெரிக்கரா என்று சால் கேட்கிறாள். அவர் அதை மறுத்து, தாம் ஒரு மனிதர் என்கிறார். மீண்டும் கேட்கும்போது தாம் அமெரிக்க இந்தியர் என்று தமக்குரிய சொல்லைத் தாமே தேர்கிறார். தானும் குருதியால் அவ்வாறே என்று சால் கூறுகிறாள். தொழில் செய்து உயிரோடு அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் முன், ‘குருதி’ என்னும் சொல்லைத் தவிர அவளிடம் வேறு சான்றில்லை. ரஷ்மோர் மலையில், தம் புனித மலையில் வெள்ளையர் முகங்கள் செதுக்கப்பட்டதைக் கண்டு சூ மக்கள் வருந்தியிருப்பர் என்று அவள் எண்ணுகிறாள். 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தம் அம்மக்களுக்கு உறுதியளித்த நிலப்பகுதி அது. அந்நிலம் பறிக்கப்பட்டதற்கு இழப்பீடு வழங்கவேண்டும் என 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொகையை ஏற்காமல் நிலத்தையே அவர்கள் கோரினர். சாலின் இரக்கம் உண்மையானது. ஆயினும் அடுத்த கணமே அது தன் தாய் அங்கு எவ்வளவு வருந்தியிருப்பாள் என்னும் எண்ணத்தில் சென்று முடிகிறது. பிறர் துயர் தன் துயரின் கண்ணாடியாகவே எஞ்சுகிறது.

ஃபீபியின் தாய், மார்கரெட், சாலின் தாய் ஆகியோர் தனி மனிதர்களாக அறியப்படும் அளவுக்கு, இப்புதினத்தில் பூர்வகுடியினர் அறியப்படவில்லை. அவர்கள் வழியோரக் காட்சியாக வந்து மறைகின்றனர். பிறரின் காலணியில் நடத்தல் என்னும் அறம் குடும்பத்திற்குள் முழுமையாகச் செயல்படுகிறது. வண்டிக்கு வெளியே பாதியில் நின்றுவிடுகிறது. வண்டியின் உட்புறத்தைக் களனாக்கிய அதே கட்டமைப்புச் சிறப்பு, சாளரத்திற்கு வெளியிலுள்ள நிலத்தைப் பின்னணியாகச் சுருக்கிவிடுகிறது. புதினத்தின் வலிமையும் குறையும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

‘வாக் டூ மூன்ஸ்’ புதினத்தில் தன்னறிதலை நிகழ்த்துவது இடப்பெயர்ச்சியைவிடக் கதைசொல்லலே. பயணம் அதற்கு வரையறுக்கப்பட்ட காலத்தையும், விலகிச் செல்லாத கேட்போரையும் வழங்குகிறது.

தாயின் மரணம் இறுதிவரை சொல்லப்படாமை, வாசகரை ஏமாற்றும் உத்தியாக மட்டும் அமையவில்லை. அறிந்ததை ஏற்க மறுக்கும் மனநிலையின் மொழி வடிவமாக அது அமைகிறது. எச்சம் என்னும் கருத்தாக்கம் இதை விளக்கத் துணைசெய்கிறது.

சால் அடையும் முதிர்ச்சி, பெற்றோரிடமிருந்து பிரிவதால் விளைவதன்று. பெற்றோரைத் தனி மனிதராக ஏற்பதால் விளைவது.

இவ்வறிதல் குடும்ப எல்லைக்கு அப்பால், குறிப்பாகப் பூர்வகுடி மக்களைப் பொறுத்தவரை, முழுமை பெறவில்லை. பழமொழியும் பெயர்களும் இக்குறையை வெளிப்படுத்துகின்றன.

இளையோருக்கான படைப்புகளை ஆராய்வோர், தலைமாந்தர் என்ன கற்றுக்கொண்டார் என்னும் வினாவையே முதன்மையாக எழுப்புவது வழக்கம். அவ்வினா படைப்பை எளிதில் ஓர் அறக்கருத்தாகச் சுருக்கிவிடும். அவர் யாரிடம் பேசினார், யார் கேட்டனர், யார் கேட்கப்படாமல் போயினர் என்னும் வினாக்கள், படைப்பின் அமைப்பையும் அதன் அறத்தின் எல்லையையும் ஒருசேரக் காட்டவல்லவை. கேட்போரைச் செய்யுளின் உறுப்பாகக் கொண்ட இலக்கணமரபு, இவ்வகை ஆய்வுக்கு இன்றும் பயன்படும் கருவியாக உள்ளது.